முதலில் எந்த வாசல்? பாலியல் வன்கொடுமைக்குப் பின் தர்மபுரி, கிருஷ்ணகிரியில் கிடைக்கும் உதவிகள்

நடந்து எத்தனை மணி நேரம் ஆகிறது? பாதிக்கப்பட்ட பெண்ணோடு போகிறவர் அக்காவோ, தோழியோ, பக்கத்து வீட்டு அம்மாவோ, முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாள், வீட்டில் என்ன சொல்வது என்பதெல்லாம் பிறகு. பாலியல் வல்லுறவுக்குப் புகார் கொடுக்கச் சட்டம் கெடு எதுவும் வைக்கவில்லை. இந்த வாரம் முடியாவிட்டால் அடுத்த மாதமும் கொடுக்கலாம். உடம்புக்குத்தான் கெடு இருக்கிறது. எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அவசர கருத்தடை மாத்திரையும் 72 மணி நேரத்துக்குள் போட்டால்தான் நன்றாக வேலை செய்யும். உடம்பிலிருந்து தடயம் எடுப்பதற்கு மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் சொல்லும் எல்லை 96 மணி நேரம், அதாவது நான்கு நாள்.

அதனால் எங்கள் பரிந்துரை இது. நான்கு நாளுக்குள் என்றால் முதல் வாசல் அரசு மருத்துவமனை. நான்கு நாள் கடந்துவிட்டால் சகி எனப்படும் ஒருங்கிணைந்த சேவை மையம். வயது 18-க்குக் கீழ் என்றால் மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்க வேண்டும். செய்தவன் இன்னும் அருகில் இருக்கிறான், உயிருக்கு ஆபத்து என்றால் எல்லாவற்றுக்கும் முன் 112. காவல் நிலையத்தை இரண்டாவதாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. அதைக் கீழே சொல்கிறோம்.

அரசு மருத்துவமனை

தர்மபுரி பக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கிருஷ்ணகிரியில் மருத்துவக் கல்லூரி ஊருக்கு வெளியே போலுப்பள்ளியில் இருக்கிறது. ராத்திரி நேரத்தில் ஆட்டோக்காரரிடம் இடத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஓசூர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஓசூர் அரசு மருத்துவமனை. அரூர், பென்னாகரம், பாலக்கோடு, தேன்கனிக்கோட்டை போன்ற வட்ட மருத்துவமனைகளிலும் முதல் சிகிச்சையைத் தொடங்க முடியும். மலைக் கிராமம் என்றால் 108-ஐக் கூப்பிட்டு வண்டியிலேயே போவது நல்லது. காலைப் பேருந்துக்குக் காத்திருந்தால் அரை நாள் போய்விடும், அந்த அரை நாள் மருந்துக்கு முக்கியம்.

கேஷுவாலிட்டியில் அதிகம் தடுக்கும் வார்த்தை ஒன்று உண்டு: “போலீஸ் மெமோ கொண்டு வாங்க.” சட்டம் அப்படிக் கேட்கவில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-ஆம் பிரிவின்படி, அரசு மருத்துவமனையோ தனியாரோ, பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு உடனடியாக, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். காவல்துறைக்குத் தகவல் சொல்வது மருத்துவமனையின் வேலை. மறுத்தால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 200-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு. குழந்தை என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் விதிகள் இன்னும் தெளிவாகச் சொல்கின்றன: அவசர சிகிச்சைக்கு முன்நிபந்தனையாக எந்தக் கடிதத்தையும் கேட்கக் கூடாது. தடை வந்தால் சத்தம் போட வேண்டாம். “397-ஆம் பிரிவுப்படி முதலில் சிகிச்சை, தகவல் நீங்கள் சொல்லுங்கள்” என்று டியூட்டி டாக்டரிடம் அமைதியாகச் சொல்லுங்கள். அங்கிருந்தே பெண்கள் உதவி எண் 181-க்கு அழைத்தால் அவர்களும் மருத்துவமனையிடம் பேசுவார்கள்.

மருத்துவமனை போலீஸுக்குச் சொல்லிவிடுமே என்ற பயத்தில் பலர் போவதே இல்லை. தகவல் போகும் என்பது உண்மை. ஆனால் வயது வந்த பெண் “இப்போது புகார் வேண்டாம்” என்று சொல்லலாம். அதை மருத்துவர் எழுதிப் பதிவு செய்வார், சிகிச்சை தொடரும். தடயச் சோதனையை மட்டும் மறுத்துவிட்டு மருந்தை வாங்கிக்கொள்ளவும் உரிமை உண்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும். 12 வயது நிரம்பியவர் என்றால் அவரிடமே கேட்க வேண்டும். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் சோதனையை உச்ச நீதிமன்றம் 2013-லேயே கண்டித்தது. 2022 அக்டோபரில், அதைச் செய்பவர் முறைகேடு செய்தவராகக் கருதப்படுவார் என்றே சொல்லிவிட்டது. யாராவது ஆரம்பித்தால் “வேண்டாம்” என்று சொன்னால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை.

போவதற்கு முன் குளிக்காமல், வாய் கொப்பளிக்காமல், முடிந்தால் சிறுநீர் கழிக்காமல் இருப்பது தடயத்துக்கு நல்லது. குளித்துவிட்டாலும் போங்கள். குளித்த பிறகும் தடயம் கிடைக்கலாம், மருந்துக்கோ குளியல் ஒரு பொருட்டே இல்லை. அப்போது உடுத்தியிருந்த துணியை, உள்ளாடை உட்பட, துவைக்காமல் செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றி எடுத்துப் போங்கள். பாலித்தீன் கவரில் போடக் கூடாது. உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், டிஎன்ஏ சிதைந்துவிடும். துணி ஈரமாக இருந்தால் வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்துங்கள். மருத்துவமனை அந்தத் துணியை வைத்துக்கொள்ளும் என்பதால் மாற்றுத் துணி ஒரு செட் கட்டாயம் தேவை. இதை மறந்து, திரும்பும்போது உடுத்த ஒன்றும் இல்லாமல் நிற்பது அந்தப் பெண்ணுக்கு இன்னொரு அவமானம்.

பெண் மருத்துவர் வந்தால்தான் சோதனை என்று நேரத்தைக் கடத்தவும் வேண்டாம். 18-க்குக் கீழான சிறுமிக்குப் பெண் மருத்துவர்தான் சோதனை செய்ய வேண்டும் என்று போக்சோ சொல்கிறது. வயது வந்தவருக்குப் பெண் மருத்துவர் இல்லாவிட்டால், பெண் செவிலியர் உடனிருக்க, சம்மதத்தோடு ஆண் மருத்துவரும் செய்யலாம். உடம்பில் காயம் எதுவும் இல்லை என்று அறிக்கையில் எழுதினால் கலங்க வேண்டாம். பயத்தில் உறைந்துபோகிறவருக்குக் காயம் இருக்காது, சட்டமும் காயத்தைக் கட்டாயமாகக் கேட்கவில்லை.

கிளம்பும் முன் மருந்துகளை ஒருமுறை சரிபாருங்கள். அவசர கருத்தடை மாத்திரை லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே வேளை. மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொன்று போட வேண்டும். பால்வினைத் தொற்றுகளுக்கு முன்கூட்டியே தரும் மாத்திரைகள். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி முன்பு போடாதவருக்கு மூன்று தவணை: இன்று, ஒரு மாதத்தில், ஆறாவது மாதத்தில். காயம் இருந்தால் டெட்டனஸ் ஊசி.

எச்ஐவி தடுப்பு மருந்து 28 நாள். இதில்தான் அதிகம் தவறிப்போகிறது. குமட்டல், தலைச்சுற்றல் வரும். வீட்டில் யாருக்கும் தெரியாமல் சாப்பிட வேண்டியிருக்கும். பத்தாம் நாள் வாக்கில் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் பாதுகாப்பு போய்விடும். முதல் நாளே, எச்ஐவி மருந்து தரும் ஏஆர்டி மையத்தில் 28 நாளுக்கும் சேர்த்துத் தர முடியுமா என்று கேளுங்கள், குறிப்பாகச் சித்தேரி, அஞ்செட்டி மாதிரித் தூரத்திலிருந்து வருகிறவர்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுப் படுத்தால் குமட்டல் குறைவாகத் தெரியும் என்பதால் நேரத்தை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம். ரத்தப் பரிசோதனை இன்று ஒருமுறை. பிறகு ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம். அதற்கு, எச்ஐவி பரிசோதனையும் ஆலோசனையும் தரும் அரசு நம்பிக்கை மையத்துக்குப் போனால் போதும், அங்கே விவரம் ரகசியமாக இருக்கும். மாதவிடாய் தள்ளிப்போனால், சம்பவம் நடந்து மூன்று வாரத்தில் சிறுநீர்ப் பரிசோதனை.

கரு உண்டாகிவிட்டால் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தோடும், 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்தோடும் கலைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. 18 வயது நிரம்பியவருக்கு அவர் சம்மதம் மட்டும் போதும். கணவன், அப்பா கையெழுத்துக் கேட்டால் அது சட்டம் கேட்பதல்ல. வழக்கு இருந்தால் கலைத்த கருவின் திசுவை டிஎன்ஏ சோதனைக்கு எடுத்து வைக்கும்படி முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். தனியார் இடத்தில் சத்தமில்லாமல் முடித்துவிட்டுப் பிறகு வழக்குப் போடும்போது, கையிலிருந்த வலுவான சாட்சி காணாமல் போயிருக்கும்.

மருத்துவமனையின் குறையையும் சொல்லியாக வேண்டும். கூட்டம், திரைச்சீலை இல்லாத கட்டில், நடந்ததைச் செவிலியரிடம், டியூட்டி டாக்டரிடம், மகப்பேறு மருத்துவரிடம் என்று மறுபடி மறுபடி சொல்ல வைப்பது. “தனி அறை வேண்டும், ஒருவரிடம் மட்டும் சொல்கிறேன்” என்று கேட்கலாம். அறிக்கையின் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.

மகளிர் காவல் நிலையம்

அனைத்து மகளிர் காவல் நிலையம் தமிழ்நாட்டில் 1992-ல் தொடங்கிய ஏற்பாடு. தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், பர்கூர் என்று இரண்டு மாவட்டங்களிலும் இருக்கின்றன. கைது செய்வதும், வாக்குமூலத்தைச் சட்டப்படி பதிவதும், மிரட்டலிலிருந்து காப்பதும் காவல்துறையால் மட்டுமே முடியும். சகி மையத்தாலோ சங்கத்தாலோ இது முடியாது.

பிறகு ஏன் முதலில் போகச் சொல்லவில்லை? நேராகக் காவல் நிலையத்துக்குப் போனால் வாக்குமூலம் எழுதவே மணிக்கணக்காகும். அவ்வளவு நேரமும் அந்தப் பெண் குளிக்காமல், சாப்பிடாமல், மருந்து தொடங்காமல் உட்கார்ந்திருப்பாள். தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் மருத்துவச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பது காவல்துறைக்குச் சட்டம் வைத்த கெடு. ஆனால் எச்ஐவி மருந்தின் முதல் வேளைக்கு அந்த 24 மணி நேரமும் அதிகம். மருத்துவமனையிலிருந்து தகவல் போனால் பெண் அதிகாரியே அங்கு வந்து வாக்குமூலம் வாங்கலாம். இரண்டு அலைச்சல் ஒன்றாகும்.

மகளிர் காவல் நிலையம்தான் என்றில்லை, எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். சம்பவம் எங்கே நடந்தாலும் பதிய வேண்டும். அதுதான் ஜீரோ எஃப்ஐஆர். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் நடந்தால், பென்னாகரத்துக்குத் திரும்பி வந்து பென்னாகரத்திலேயே கொடுக்கலாம். இங்கே பதிந்து கர்நாடகக் காவல்துறைக்கு அனுப்பிவைப்பார்கள். “அத்திப்பள்ளிக்குப் போய்க் கொடுங்க” என்று திருப்பி அனுப்ப முடியாது. வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் எழுத வேண்டும். ஊனமுற்றவர் என்றால் வீட்டுக்கே வந்து, சைகை மொழி தெரிந்தவரோடு, வீடியோவில் பதிய வேண்டும். தெலுங்கோ கன்னடமோ இந்தியோ மட்டும் தெரிந்தவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். ஓசூரில் இது அடிக்கடி தேவைப்படும்.

கவனம் தேவைப்படும் இடம் சிஎஸ்ஆர். மனு ஏற்புக்கு ஒரு ரசீது கொடுத்து, “விசாரிச்சுட்டுக் கூப்பிடுறோம்” என்று அனுப்பிவிடுவது உண்டு. சிஎஸ்ஆர் ரசீது எஃப்ஐஆர் ஆகாது. முதற்கட்ட விசாரணை என்று 14 நாள் எடுத்துக்கொள்ளும் வசதி மூன்று முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும்தான். வல்லுறவுக்குக் குறைந்தபட்சத் தண்டனையே பத்தாண்டு. அதற்கு இந்த வழி பொருந்தாது. எஃப்ஐஆர் நகல் இலவசமாகக் கையில் வரும்வரை புகார் பதிவானதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு எழுதுங்கள். அதுவும் நடக்காவிட்டால் நீதித்துறை நடுவர். மறுக்கும் அதிகாரிக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை கடுங்காவல் உண்டு. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் கடிதத்தில் இந்தப் பிரிவு எண் இருந்தாலே பெரும்பாலும் வேலை நடக்கும்.

புகாரை எழுதும் விதம் வழக்கின் தலையெழுத்தை மாற்றும். நம் பேச்சில் “தப்பா நடந்துக்கிட்டான்”, “கெடுத்துட்டான்”, “கையைப் பிடிச்சு இழுத்தான்” என்று மூடிச் சொல்வது பழக்கம். எழுத்தர் அதை அப்படியே எழுதினால், வல்லுறவு மானபங்கமாகிவிடும், பிரிவும் தண்டனையும் இறங்கிவிடும். எந்த உறுப்பை, எதனால், எப்படி என்று கூச்சத்தை விட்டு நேரடியாகச் சொல்ல வேண்டும். சொல்ல வாய் வராவிட்டால் வீட்டில் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோகலாம். பக்கத்தில் இருப்பவர் “கத்தியைக் காட்டினான்னு சேர்த்துச் சொல்லு” என்று யோசனை சொன்னால் கேட்கவே வேண்டாம். மருத்துவரிடம் ஒன்று, காவலரிடம் ஒன்று, நடுவர் முன் ஒன்று என்று இருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் பிடிப்பார். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதால் வழக்கு பலவீனமாகாது.

இதன்பின் நீதித்துறை நடுவர் முன் ஒரு வாக்குமூலம், முடிந்தவரை பெண் நடுவர் முன். விசாரணை இரண்டு மாதத்துக்குள் முடிய வேண்டும். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீதிமன்றத்தில் வழக்கு மூடிய அறையில் நடக்கும். பெயரையோ முகத்தையோ ஊரையோ அடையாளம் தெரியும்படி வெளியிடுகிறவருக்கு இரண்டாண்டு வரை சிறை. வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவருக்கும் இது பொருந்தும்.

சகி மையம்

ஒருங்கிணைந்த சேவை மையம் 2015-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம். நம் மாவட்டங்களில் சமூக நலத்துறை வழியாக நடக்கிறது. 24 மணி நேரமும் திறந்திருக்கும். 181-ல் கூப்பிட்டு வழியையும் தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொண்டு போகலாம். புகார் கொடுத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இது இந்த மையத்தின் பெரிய பலம்: யோசிக்க இடம் தருகிறது. ஆலோசகர், வழக்குப் பணியாளர், வக்கீல் உதவி, மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் கூட வரும் ஆள், தற்காலிகமாகத் தங்க இடம். தங்குவது பொதுவாக ஐந்து நாள் வரை. பெண் குழந்தைகளையும் சின்னப் பையன்களையும் கூட வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருக்க வேண்டுமென்றால் சக்தி சதன் இல்லத்துக்கு அனுப்பிவைப்பார்கள். நான்காம் நாள் காலையே அதைக் கேளுங்கள். ஐந்தாம் நாள் மாலையில் கேட்டால், திரும்பிப் போகக் கூடாத அதே வீட்டுக்குத்தான் போக வேண்டிவரும்.

அங்கே என்ன கிடைக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தடயம் எடுக்க மாட்டார்கள், மருந்து தர மாட்டார்கள், கைது செய்ய மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் வேறு இடத்துக்குக் கூட்டிப்போவதுதான் அவர்கள் வேலை. அதனால்தான் நான்கு நாளுக்குள் என்றால் மருத்துவமனையிலிருந்து 181-ஐக் கூப்பிட்டு, வழக்குப் பணியாளரை அங்கேயே வரவழைப்பது மேல். பழைய சம்பவம், ஆறு மாதமோ இரண்டு வருடமோ ஆனது என்றால் சகி மையத்தைவிட நல்ல தொடக்கம் இல்லை.

கணவனே வன்கொடுமை செய்தால் எங்கே போவது என்று தெரியாதவர்கள் அதிகம். 18 வயது நிரம்பிய மனைவியைப் பொறுத்தவரை சட்டம் அதை இன்னும் வல்லுறவு என்று ஏற்கவில்லை. ஆனால் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாலியல் கொடுமை சேர்ந்திருக்கிறது. பாதுகாப்பு அலுவலர் வழியாக நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு, அதே வீட்டில் இருக்கும் உரிமை, செலவுக்குப் பணம் கேட்கலாம். சகி மையம் வழியாகவே இதைத் தொடங்கலாம்.

மன ஆலோசனைக்கு இரண்டு மூன்று தடவையாவது போக வேண்டும். முதல் தடவை பெரும்பாலும் அழுகையிலேயே முடிந்துவிடும். திடுக்கென விழிப்பது, ஆள் அரவம் கேட்டால் நடுங்குவது, சில நாள் கல் மாதிரி எதுவும் தோன்றாமல் இருப்பது, இவையெல்லாம் அடிபட்ட மனதின் இயல்பான எதிர்வினை. நம் பக்கத்தில் “காத்து கருப்பு பட்டிருக்கு” என்று மந்திரிக்கக் கூட்டிப்போய்விடுகிறார்கள், நடந்தது அதோடு புதைந்துபோகிறது. ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் வரவில்லை என்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு. சாகத் தோன்றுகிறது என்று சொன்னால் அன்றைக்கே. ஒரு நிமிடமும் தனியாக விடக் கூடாது. 14416-ல் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி, இரவு பகல் எந்நேரமும், தமிழில்.

வயது 18-க்குக் கீழ் என்றால்

இங்கே ஒப்பிட ஒன்றுமில்லை, சட்டம் ஒரே வழியைத்தான் வைத்திருக்கிறது. நடந்தது தெரியவந்தவர் யாராக இருந்தாலும், ஆசிரியரோ செவிலியரோ சித்தப்பாவோ, காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் அதுவே குற்றம். 2024-ல் பர்கூர் அருகே ஒரு பள்ளியில் நடத்தப்பட்ட போலி என்சிசி முகாமில் மாணவிகளுக்கு நடந்த கொடுமையில், தெரிந்தும் தெரிவிக்காத பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள். பள்ளி தொடர்பானது என்றால் பள்ளிக் கல்வித்துறை உதவி எண் 14417-லும் சொல்லலாம்.

1098 வழியாகவோ காவல்துறை வழியாகவோ 24 மணி நேரத்துக்குள் தகவல் குழந்தைகள் நலக் குழுவுக்குப் போக வேண்டும். வாக்குமூலம் குழந்தையின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, சீருடை போடாத பெண் அதிகாரி முன். சிறுமியை ராத்திரி காவல் நிலையத்தில் வைத்திருக்கவே கூடாது. குழந்தைகள் நலக் குழுவிடம் இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள். ஒன்று, துணை நபர்: வழக்கு முடியும்வரை குழந்தையோடு மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் வருகிறவர். இரண்டு, சாப்பாடு, துணி, பஸ் செலவுக்கான உடனடி உதவித் தொகை. கேட்காதவர்களுக்குப் பெரும்பாலும் வருவதில்லை. பையன்களுக்கும் இதே சட்டம்தான், அதே உரிமைகள்தான்.

இரண்டு மாவட்டங்களிலும் குழந்தைத் திருமணம் இன்னும் நிற்கவில்லை என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 18-க்குக் கீழான பெண்ணின் சம்மதம் சட்டத்தில் சம்மதம் ஆகாது. தாலி கட்டியவனாக இருந்தாலும் அது குற்றமே. பிரசவத்துக்கு வரும் 17 வயதுப் பெண்ணைப் பற்றி மருத்துவமனை தகவல் சொல்லத்தான் செய்யும். அந்தப் பயத்தில் வீட்டிலேயே பிரசவம் பார்த்து உயிரைப் பணயம் வைக்காதீர்கள். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் காப்பாளரும் கேட்டால், பெயரைச் சொல்லாமலே மருத்துவர் தகவல் கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் சொல்லியிருக்கிறது.

சட்டப்பணிகள் ஆணைக்குழு

மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம், வட்ட அளவிலும் குழு உண்டு, தொலைபேசியில் 15100. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல். வழக்கை நடத்துவது அரசு வழக்கறிஞர்தான். உங்கள் வக்கீல் அவருக்குத் துணையாக நின்று, ஜாமீனை எதிர்ப்பது, மிரட்டல் மனுக்கள், இழப்பீடு இவற்றைப் பார்ப்பார்.

இழப்பீட்டை வழக்கு முடிந்த பிறகு கிடைப்பது என்று நினைத்துவிடுகிறார்கள். தண்டனை ஆனால்தான் என்றில்லை. 2018-ஆம் ஆண்டுத் திட்டத்தில் வல்லுறவுக்கு 4 லட்சம் முதல் 7 லட்சம் வரை, கூட்டு வல்லுறவுக்கு 5 முதல் 10 லட்சம் வரை என்று வரம்பு இருக்கிறது. இடைக்கால உதவியும் கேட்கலாம். எஃப்ஐஆர் நகல், மருத்துவ அறிக்கை, ஆதார், வங்கிப் புத்தகம் வைத்து விண்ணப்பிக்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு மேல் தள்ளிப்போடக் கூடாது. தொகையில் முக்கால் பங்கை மூன்று வருட வைப்பாகப் போட்டு, கால் பங்கை உடனே எடுக்க விடுவார்கள். கணக்கு அந்தப் பெண்ணின் பெயரில் மட்டும் இருக்கட்டும், கூட்டுக் கணக்கு வேண்டாம். பணத்துக்காகத்தான் கேஸ் போட்டாள் என்று பேசுவார்கள். அது சட்டம் அவளுக்குத் தரக் கடமைப்பட்ட தொகை.

சங்கங்கள், ஊர்ப் பஞ்சாயத்து

அரூர் வட்டம் வாச்சாத்தியை நினைக்காமல் இந்த மாவட்டத்தில் இதைப் பற்றிப் பேச முடியாது. 1992 ஜூன் 20-ஆம் தேதி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்து, 18 பெண்களை வல்லுறவு செய்தார்கள். புகாரை வாங்க வேண்டிய அரசே குற்றவாளிக் கூண்டில். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம்தான் அந்தப் பெண்களோடு நின்று வழக்கைத் தூக்கிச் சுமந்தது. 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பர் 29-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்து, அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. 31 வருடம்.

அமைப்பின் பலம் இந்த நீளத்தில் இருக்கிறது. சகி மையப் பணியாளர் மாறிப்போவார், ஆய்வாளர் இடமாற்றமாவார். சங்கம் ஊரிலேயே இருக்கும். எதிர்த்தரப்பு அதிகாரியோ நிலக்கிழாரோ குவாரி முதலாளியோ என்றால், மலைவாழ் மக்கள் சங்கம், மாதர் சங்கம் போன்ற ஒன்றின் துணை முதல் நாளிலிருந்தே வேண்டும். குறை: சிலசமயம் அந்தப் பெண்ணின் விருப்பத்தைவிடப் போராட்டம் பெரிதாகிவிடும். ஆர்ப்பாட்டம், பத்திரிகைச் செய்தி எல்லாம் அவள் சம்மதித்தால் மட்டும். பெயரும் ஊரும் வெளியே போகக் கூடாது. இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ, செய்தவன் அப்படி இல்லை என்றால், புகாரிலேயே இரு தரப்புச் சாதியையும் எழுதுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேர்ந்தால் விசாரணையை டிஎஸ்பி நடத்த வேண்டும். அரசு உதவித் தொகை மருத்துவ அறிக்கை, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு என்று கட்டம் கட்டமாக வரும். சாதிச் சான்றிதழ் கையில் இல்லை என்பதற்காகப் புகாரைத் தள்ளிப்போட வேண்டாம், பிறகு கொடுக்கலாம்.

ஊர்ப் பஞ்சாயத்தை நாங்கள் இந்த ஒப்பீட்டில் ஒரு வழியாகவே சேர்க்கவில்லை. ஒரு தொகை கட்டு, இல்லையென்றால் அவளையே கட்டிக்கொள் என்று முடிக்கும் இடம் அது. வல்லுறவு சமரசத்துக்கு உட்பட்ட குற்றமே அல்ல. திருமணத்தையோ சமரசத்தையோ நீதிமன்றங்கள்கூட யோசனையாகச் சொல்லக் கூடாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குழந்தை விஷயத்தில் கூடிப் பேசி மூடி மறைக்கிறவர்கள் அத்தனை பேரும் போக்சோவில் சிக்குவார்கள். வற்புறுத்தி வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்க வந்தால் அதையும் புகாரில் சேர்த்துவிடுங்கள்.

வேலை செய்யும் இடத்தில் நடந்தால்

ஓசூர்ப் பக்கம் ஆலைகளில், விடுதிகளில், பூ வயல்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் நிறுவனத்தின் உள்ளகக் குழு. பத்துப் பேருக்குக் குறைவு, அல்லது முதலாளி மேலேயே புகார் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்; 90 நாளில் விசாரணை. ஷிஃப்ட் மாற்றம், மூன்று மாதம் வரை விடுப்பு, செய்தவனை வேறு இடத்துக்கு மாற்றுவது எல்லாம் இதில் கிடைக்கும். சிறைத் தண்டனை கிடைக்காது. வல்லுறவு என்றால் குழுவின் முடிவுக்குக் காத்திருக்காமல் போலீஸ் புகாரையும் கூடவே நடத்துங்கள், ஒன்று மற்றதைத் தடுக்காது. விடுதி வார்டன் “முதலில் ஹெச்ஆரிடம் பேசலாம்” என்று சொல்லும் அந்த ஓர் இரவில்தான் 72 மணி நேரத்தில் ஒரு பங்கு வீணாகிவிடும்.

திருநங்கையருக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாலியல் கொடுமைக்கு அதிகபட்சம் இரண்டே ஆண்டுதான் தண்டனை, இது அநியாயம். வயது வந்த ஆணுக்கு நேரும் வன்கொடுமைக்குப் புதிய சட்டத்தில் தனிப் பிரிவே இல்லை. காயப்படுத்துதல், அடைத்து வைத்தல் போன்ற பிரிவுகளில்தான் போக வேண்டும். ஆனால் மருத்துவமனை வாசலில் இந்த வேறுபாடு கிடையாது. அந்த 28 நாள் மருந்து எல்லோருக்கும் உண்டு.

கூடப் போகிறவர் பையில் எடுத்து வைக்க: மாற்றுத் துணி, உள்ளாடை, நாப்கின், தண்ணீர், பழைய செய்தித்தாள், ஆதார் இருந்தால் ஆதார், கொஞ்சம் சில்லறை, போன் சார்ஜர். அவள் போனில் அவன் அனுப்பிய செய்தி, அழைப்பு எதையும் அழிக்கவிடாதீர்கள். ஒரு நோட்டில் எந்த நாள், எந்த அலுவலகம், யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார்கள் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். அவளை ஒவ்வொரு மேசையிலும் முதலிலிருந்து சொல்ல வைக்காமல் அந்த நோட்டை நீட்டலாம்.